யாருக்குச் சொந்தம் சிக்னல் கம்பம்? தில்லி நாற்சந்திகளில் தொடரும் குழப்பம்

புதுதில்லி: தில்லியில் "லால் பத்தி" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் தங்கள் கார்களின் உச்சியில் சுழலவிட்ட சிவப்பு விளக்கு. அந்த விளக்கைப் பெறுவதற்கு நடந்த சிபாரிசுகளும், அதை எதிர்த்து நடந்த வழக்குகளும் ஏராளம். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. 2017 மே 1 முதல் மத்திய அரசு அதை அகற்றியே விட்டது.

மற்றொன்று, நாற்சந்தியில் நிற்கும் சிக்னல். தலைநகர்வாசிகள் வழி சொல்லும்போது சந்திப்பு என்று சொல்வதில்லை. "இரண்டாவது லால் பத்தியில் இடதுபுறம் திரும்புங்கள்" என்றுதான் சொல்வார்கள். ஊருக்கே அடையாளமாகிவிட்ட இந்த இரண்டாவது சிவப்பு விளக்கு எந்த இடத்தில் நிற்க வேண்டும், அதைத் தாங்கும் கம்பத்துக்கு யார் பொறுப்பு, மரக்கிளை மறைத்தால் யார் வெட்டுவது, காற்றில் சாய்ந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விகளுக்கு இன்றுவரை ஒரே அலுவலகத்தில் விடை கிடைப்பதில்லை.

இதனால் இழப்பது நேரம் மட்டும் என்றால் பொறுத்துக் கொள்ளலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். இவை எல்லாம் நாற்சந்திகளில் நிகழ்ந்தவை அல்ல; அதிவேகம்தான் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமாகப் பதிவாகியுள்ளது. ஆனால் எதிரெதிர்த் திசைகளில் வரும் வாகனங்களும், சாலையைக் கடக்கும் மனிதர்களும் ஒரே நிலப்பரப்புக்குப் போட்டியிடும் இடம் நாற்சந்திதான். அங்கே யாருக்கு முறை என்று சொல்லும் ஒரே சாட்சி அந்த விளக்கு. அது கண்ணுக்குத் தெரியாவிட்டால்?

கம்பத்தின் இலக்கணம்

சிக்னல் என்றதும் பொதுமக்களுக்கு மூன்று நிறங்கள் நினைவுக்கு வருகின்றன. பொறியாளர்களுக்கோ நிறத்தைப் போலவே இடமும் முக்கியம். இதற்கான இந்திய இலக்கணத்தை வகுத்திருப்பது இந்திய சாலைகள் காங்கிரஸ். பெயரைக் கண்டு அரசியல் கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். 1934ல் தொடங்கப்பட்ட சாலைப் பொறியாளர்களின் அமைப்பு இது. இதன் தலைமையகம் ராமகிருஷ்ணபுரத்தில், தில்லித் தமிழர்கள் நன்கறிந்த மலை மந்திர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், காமகோடி மார்க்கில் உள்ளது. சிக்னல்களை வடிவமைத்து நிறுவுவதற்கான இதன் 93ஆம் எண் வழிகாட்டி நெறிமுறை 1985ல் வெளிவந்தது.

ஒரு திசையிலிருந்து வரும் வாகனங்களுக்கு ஒரு விளக்கு போதாது என்பது இந்த இலக்கணத்தின் அடிப்படை. நிறுத்தக் கோட்டருகே முதன்மை சிக்னல். சந்திப்பைத் தாண்டி எதிர்ப்புறத்தில் துணை சிக்னல். விளக்கு வில்லைகளின் விட்டம் 200 மில்லி மீட்டர், 300 மில்லி மீட்டர் என இரண்டு அளவுகளில் இருக்கும். விளக்குகள் செங்குத்தாக அமைந்தால் சிவப்புதான் எப்போதும் உச்சியில். சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காண இயலாதவர் கூட, எரிவது மேல் விளக்கா, கீழ் விளக்கா என்று பார்த்தே வண்டியை நிறுத்த இந்த வரிசை உதவுகிறது.

இரண்டு விளக்குகள் ஏன்? கோட்டை ஒட்டி முதல் வரிசையில் நிற்பவருக்கு அருகிலுள்ள விளக்கு தலைக்கு மேலேயோ, தோளுக்குப் பின்னாலேயோ போய்விடும். அவருக்கு எதிர்ப்புற விளக்கே துணை. தொலைவில் வந்துகொண்டிருப்பவருக்கோ, எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அருகிலுள்ள விளக்குதான் காட்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அருகிலுள்ள விளக்கையே பெரிதும் நம்புகிறார்கள். கோட்டைத் தாண்டி நின்றால் விளக்கு தெரியாது என்பதால் ஓட்டுநர் தானாகவே கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார். கம்பம் நிற்கும் இடமே அங்கு பாதிப் போலீஸ் வேலையைச் செய்துவிடுகிறது. அமெரிக்காவில் எதிர்ப்புறத்தில், சாலைக்கு மேலே தொங்கும் விளக்குகளே அதிகம்.

இந்தியா ஏட்டளவில் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் தில்லியின் சாலை ஏட்டைப் படிப்பதில்லை. இடது ஓரத்தில் பேருந்து ஒன்று வந்து நின்றால் ஓரக் கம்பத்திலுள்ள விளக்கு பின்னால் வரும் அத்தனை பேருக்கும் மறைந்துவிடும். இருசக்கர வாகனங்கள் இடுக்குகளில் நுழைந்து கோட்டைத் தாண்டி, பாதசாரிகளுக்கான வரிக்குதிரைக் கோடுகளின் மீது வந்து நிற்கும். அங்கிருந்து முதன்மை விளக்கு தெரியாது. எதிர்ப்புறத் துணை விளக்கு பழுதாகியிருந்தால் அதுவும் இல்லை. குறுக்குச் சாலையின் விளக்கு சிவப்பாக மாறுவதைப் பார்த்து, "இனி நம் முறை" என்று ஊகித்துப் பாய்கிறார்கள். அந்த ஊகத்துக்கும் விபத்துக்கும் இடையே உள்ளது ஓரிரு விநாடிதான்.

லுட்யென்ஸ் வடிவமைத்த புதுதில்லிப் பகுதியின் சிக்கல் வேறு விதமானது. 1931ல் திறந்து வைக்கப்பட்ட இந்நகரின் சாலைகள் வட்டங்களில் சந்திக்கின்றன. குதிரை வண்டிகளும் சில நூறு கார்களும் ஓடிய காலத்துக்கு விளக்கே தேவைப்படவில்லை. அவற்றுள் சில வட்டங்களில் பின்னாளில் சிக்னல்கள் வைக்கப்பட்டன. வட்டத்தின் நடுவே மரங்களும் புல்மேடும் இருக்கும்போது, எதிர்ப்புறத்தில் துணை விளக்கு வைத்து யாருக்கு என்ன பயன்?

பாரத்தைத் தாங்குவது எது?

பேருந்து மறைக்கும் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு, ஓரத்தில் கம்பத்தை நட்டு, அதன் கையைச் சாலைக்கு மேலே நீட்டி, அதில் விளக்கைப் பொருத்துவது. கேன்டிலீவர் கம்பம் என்று இதைக் கூறுகின்றனர். தலைநகரின் அகலமான சாலைகளில் இவற்றை இன்று பரவலாகக் காணலாம். நகர்ப்புறச் சாலைகளின் மேலே குறுக்கிடும் எந்த அமைப்புக்கும் கீழே 5.5 மீட்டர் உயர இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. சரக்கு லாரிகளின் முதுகில் விளக்கு இடிக்காமல் இருப்பதற்கு இது அவசியம்.

விளக்கை உயர்த்தியதும் வேறொரு கணக்கு தொடங்குகிறது. ஒரு பக்கமாக நீளும் கையின் பாரம் முழுவதும் கம்பத்தின் அடியில், கான்கிரீட்டில் புதைந்த சில போல்ட்டுகளின் மீது இறங்குகிறது. காற்று வீசும்போது அந்தக் கை ஒரு நெம்புகோல் ஆகிவிடுகிறது. கட்டுமானங்கள் தாங்க வேண்டிய காற்றழுத்தத்துக்கான இந்திய தர நிர்ணயம் தில்லிக்கு விநாடிக்கு 47 மீட்டர் வேகத்தையும், சென்னைக்கு 50 மீட்டர் வேகத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. மணிக்கு முறையே சுமார் 169, 180 கிலோமீட்டர். கடலோரச் சென்னைக்கும் கடலே இல்லாத தில்லிக்கும் இடையே வேறுபாடு இவ்வளவு குறைவா என்று வியப்பு ஏற்படலாம். வட இந்தியாவின் கோடைக்காலப் புழுதிப் புயலை அனுபவித்தவர்களுக்கு வியப்பு ஏற்படாது. 2016 டிசம்பர் 12ல் வர்தா புயலில் சென்னையின் மரங்களும் கம்பங்களும் சாய்ந்த காட்சி தமிழக வாசகர்களுக்கு மறந்திருக்காது. தில்லியில் 2025 மே 21 மாலை வீசிய புயலில் லோதி சாலை மேம்பாலம் அருகே கம்பம் ஒன்று விழுந்து மாற்றுத்திறனாளி ஒருவர் உயிரிழந்தார். அது சிக்னல் கம்பம் அல்ல. ஆனால் அதே மண்ணில், அதே காற்றில் நிற்பவைதான் சிக்னல் கம்பங்களும்.

அடித்தளம் எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி. நடைபாதைக்கு அடியில் மின்கேபிள், தொலைபேசிக் கேபிள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாம் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. எந்தக் குழாய் எங்கே செல்கிறது என்பதற்கான வரைபடம் கையில் இல்லாமல் தோண்டுவது இங்கு புதிதல்ல. விளைவு, கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்தில் கம்பத்தை நடுவதற்குப் பதிலாக, மண்ணுக்கடியில் காலியாக உள்ள இடத்தில் நட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் அது நடைபாதையின் நடுப்பகுதியாகவோ, சக்கர நாற்காலி ஏறுவதற்கான சரிவின் வாயிலாகவோ அமைந்துவிடுகிறது. சாலையைக் கடப்பவரைக் காக்க வந்த கம்பம் அவரையே சாலையில் இறக்கிவிடுகிறது.

உலகின் முதல் சிக்னலின் கதையே இதற்கு எச்சரிக்கையாக அமைந்தது. 1868 டிசம்பரில் லண்டனில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வாசலில்தான் அது நிறுவப்பட்டது. வடிவமைத்தவர் ஜான் பீக் நைட் என்ற ரயில்வே பொறியாளர். பகலில் ரயில்வே கைகாட்டி போன்ற கைகள்; இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள். ஒரு மாதம் நிறைவதற்குள், 1869 ஜனவரியில், எரிவாயுக் கசிவால் அது வெடித்தது. இயக்கிக்கொண்டிருந்த காவலர் காயமடைந்தார். நிறங்கள் தம் வேலையைச் சரியாகவே செய்தன. கோளாறு, கம்பத்துக்குள் வந்த எரிவாயுவில் இருந்தது.

ஐந்து விபத்துகள் நிகழ வேண்டுமா?

ஒரு சந்திப்பில் சிக்னல் தேவையா என்று முடிவு செய்வதற்கும் 1985ஆம் ஆண்டு நெறிமுறையில் அளவுகோல்கள் உள்ளன. வாகன எண்ணிக்கை ஓர் அளவுகோல். பாதசாரிகள் மற்றொன்று: நடுத்தடுப்பு இல்லாத பெரிய சாலையில் மணிக்கு 600 வாகனங்கள் சென்று, மணிக்கு 150 பேர் அதைக் கடந்தால், அந்த நிலை நாளில் 8 மணி நேரம் நீடித்தால், சிக்னல் அமைக்கலாம். மூன்றாவது, விபத்து அளவுகோல். சிக்னல் இருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய விபத்துகள் 12 மாதங்களில் 5 அல்லது அதற்கு மேல் பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் யாரேனும் காயமடைந்திருக்க வேண்டும், அல்லது 2,000 ரூபாய்க்குக் குறையாத பொருள் சேதம் ஏற்பட்டிருக்க வேண்டும். சிக்னலைவிட எளிய வழிகளை முயன்று தோற்றிருக்கவும் வேண்டும்.

கேட்பதற்குக் கொடூரமாகத் தோன்றினாலும், இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. தேவையற்ற இடத்தில் வைக்கப்படும் சிக்னல் பின்னால் வரும் வண்டி முன்வண்டியில் மோதும் விபத்துகளை அதிகரிக்கும். குறுக்கே யாருமே வராத சாலையில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தால் மக்கள் அதை மீறப் பழகுவார்கள். அந்தப் பழக்கம் அடுத்த நாற்சந்திக்கும் தொடரும். எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்தார், குடியிருப்போர் சங்கம் மறியல் செய்தது என்பதற்காக மட்டும் கம்பம் நடக் கூடாது என்று பொறியாளர்கள் கூறுவதில் தவறில்லை.

ஆனால் "பதிவான" விபத்து என்ற சொல்லில்தான் சிக்கல் உள்ளது. கைவண்டிக்காரரின் கால் முறிந்தால் அது காவல் நிலையப் பதிவேடு வரை செல்கிறதா? சாலையோரத்திலேயே பேசி முடிக்கப்படும் மோதல்கள் எத்தனை? பணக்காரக் குடியிருப்புகளின் அருகே நடக்கும் விபத்து பதிவாகும் அளவுக்கு, யமுனைக்கு அப்பால் உள்ள நெரிசலான குடியிருப்புகளில் நடப்பது பதிவாகும் என்று எதிர்பார்க்க இயலாது. எண்ணிக்கையில் வராத இடத்துக்கு விளக்கும் வராது.

ஒரு கம்பம், பல எஜமானர்கள்

தில்லியின் அரசியலமைப்பு நிலை இந்தச் சிக்கலை மேலும் இறுக்குகிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 239ஏஏ பிரிவின்படி பொது ஒழுங்கு, காவல் துறை, நிலம் ஆகிய மூன்றும் தில்லி சட்டப்பேரவையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. எனவே போக்குவரத்துப் போலீஸார் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றனர். தலைநகரில் சிக்னல்களை நிறுவுவதும் பராமரிப்பதும் அவர்களே. ஆனால் சாலை அவர்களுடையது அல்ல. 60 அடியும் அதற்கு மேலும் அகலம் கொண்ட சாலைகள் பெரும்பாலும் தில்லி அரசின் பொதுப்பணித் துறையிடம் உள்ளன. 2012ல்தான் அவை மாநகராட்சியிடமிருந்து மாற்றப்பட்டன. உள்சாலைகள் மாநகராட்சியிடம், நாடாளுமன்றத்தைச் சுற்றியுள்ள பகுதி புதுதில்லி நகராட்சிக் கவுன்சிலிடம், ராணுவக் குடியிருப்புப் பகுதி கன்டோன்மென்ட் வாரியத்திடம், தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய அரசின் ஆணையத்திடம். மின்சாரம் 2002ல் தனியார்மயமான விநியோக நிறுவனங்களிடமிருந்து வருகிறது. மேலே கிளை பரப்பும் மரத்துக்கு வனத்துறையின் மர அதிகாரி பொறுப்பு.

ஒரே கம்பத்துக்கு இத்தனை எஜமானர்கள். சாலையை அகலப்படுத்தும் துறை நிறுத்தக் கோட்டை இரண்டு மீட்டர் நகர்த்தி வரைகிறது. கம்பம் பழைய இடத்திலேயே நிற்கிறது. குழாய் பதிக்கத் தோண்டுபவர் சிக்னலின் கேபிளை அறுக்கிறார். அதை இணைக்க வேண்டியவர் வேறு துறை. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு செயலிழந்தபோது தலைநகரின் சிக்னல்கள் அணைந்து, சாலைகள் ஸ்தம்பித்தன. மாற்று மின்சாரம் சிக்னலுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்கும் எந்தத் துறை பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் நேரம் கழிந்தது.

இந்தச் சிதறலைச் சரிசெய்ய 2008ல் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் கீழ், துணைநிலை ஆளுநர் தலைமையில், ஒருங்கிணைந்த போக்குவரத்துக் கட்டமைப்பு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. 2010ல் அது வெளியிட்ட தெரு வடிவமைப்பு நெறிமுறை பலராலும் பாராட்டப்பட்டது. ஆனால் நெறிமுறையை எழுதும் அமைப்புக்குக் கம்பம் நடும் அதிகாரம் இருக்கவில்லை. மும்பையில் சிக்னல்களை அமைத்துப் பராமரிப்பது மாநகராட்சியே; போலீஸார் அவற்றைக் கொண்டு போக்குவரத்தை நடத்துகின்றனர். அங்கும் குறைகள் உண்டு. ஆனால் சாலைக்கும் கம்பத்துக்கும் கணக்கு ஒரே இடத்தில் இருக்கிறது. அதே மும்பையில், சொந்தக்காரர் வேறு, அனுமதி தர வேண்டியவர் வேறு என்றான இடத்தில் என்ன நேரும் என்பதை 2024 மே 13ல் காட்கோபரில் சரிந்த ராட்சத விளம்பரப் பலகை காட்டியது. ரயில்வே போலீஸ் வசமிருந்த நிலத்தில் நின்ற, 120 அடிக்கு 120 அடி கொண்ட அந்தப் பலகை விழுந்து 17 பேர் உயிரிழந்தனர்.

மரமா, விளக்கா?

தலைநகரின் வேப்ப மரங்களும் நாவல் மரங்களும் அதன் பெருமை. ஜூலை மழைக்குப் பின் அவை தழைக்கும்போது, சிக்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக இலைகளுக்குள் மறைகின்றன. தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1994ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 15.7 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கிளைகளை அனுமதியின்றி வெட்டலாம் என்ற வழிகாட்டுதலை 2023 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கிளை கழிப்பது என்ற பெயரில் மரங்கள் மொட்டையடிக்கப்பட்டதைக் கண்டவர்கள் இத்தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் விளக்கை மறைக்கும் விரல் பருமன் கிளைக்கும் இனி கோப்பு நகர வேண்டும். கோப்பு நகர்வதைவிட வேம்பு வேகமாக வளர்கிறது.

இதற்கு மரத்தை வெட்டுவது ஒன்றே வழி என்று நினைக்கத் தேவையில்லை. கம்பத்தின் கையைக் கிளைகளுக்கு அப்பால் நீட்டலாம். கிளைகளுக்குக் கீழே தாழ்வான துணை விளக்கு ஒன்றைச் சேர்க்கலாம். விளக்கின் பின்னால் கறுப்புத் தகடு பொருத்தி, வெயிலிலும் பச்சை இலைகளின் நடுவிலும் அதை எடுப்பாகக் காட்டலாம். கம்பம் நடும் நாளிலேயே மரத்தையும் வரைபடத்தில் குறித்திருந்தால் இவற்றுக்குச் செலவு அதிகம் ஆகாது.

விளம்பரப் பலகைகளின் கதை வேறு. வாஜிராபாதில் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 மாணவர்கள் பலியான சில நாள்களில், 1997 நவம்பர் 20ல், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், வாகன ஓட்டிகளின் கவனத்தைக் குலைக்கும் அபாயகரமான பலகைகளை அகற்றவும் ஆணையிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 116ஆவது பிரிவும் போக்குவரத்துக் குறியீட்டை மறைக்கும் விளம்பரத்தை அகற்ற அதிகாரம் தருகிறது. அச்சட்டத்தின் பார்வையில் சிக்னலும் ஒரு போக்குவரத்துக் குறியீடுதான். அதிகாரம் இருந்தும், விளம்பர வருமானம் உள்ளாட்சிக்கு, விபத்துப் பொறுப்பு போலீஸுக்கு என்று பிரிந்து கிடப்பதால் அது பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்குகிறது.

சட்டம் யாரைக் கேட்கிறது?

2019 ஜூலையில் மோட்டார் வாகனத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் விவாதிக்கப்பட்டபோது, உறுப்பினர்கள் அதிகம் பேசியது அபராதத் தொகை பற்றியும் மாநில உரிமை பற்றியும்தான். அச்சுத் திருத்தங்களுக்காக மக்களவைக்குத் திரும்பிய மசோதா, 370ஆவது பிரிவு குறித்து நாடே பரபரப்பில் இருந்த ஆகஸ்ட் 5 அன்று சத்தமின்றி நிறைவேறியது. அதன்படி, சிவப்பு விளக்கைத் தாண்டுவது 184ஆவது பிரிவில் அபாயகரமாக வாகனம் ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

விளக்கு தெரியும்படி வைக்காதவருக்கு? அதற்கும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 198ஏ பிரிவு, சாலையின் பாதுகாப்புத் தரத்தை வடிவமைக்கும், கட்டும், பராமரிக்கும் அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோர் விதிக்கப்பட்ட தரத்தைப் பின்பற்றத் தவறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சிறைத் தண்டனை கிடையாது. அபராதமும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நேராகச் செல்லாது. விபத்து நிதியில் சேரும். ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்பக் கூடிய அதே சட்டத்தில், கம்பத்துக்குப் பொறுப்பானவருக்கு இவ்வளவுதான்.

இதிலும் ஒரு முடிச்சு உள்ளது. தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளுக்கான தரத்தை 210டி பிரிவின் கீழ் மாநிலங்கள் விதிகளாக வகுக்க வேண்டும். சாலைகள் காங்கிரஸின் நெறிமுறை எவ்வளவு சிறந்ததானாலும் அது நெறிமுறையே, விதி ஆகாது. விதி இல்லாதபோது, எதை மீறினார் என்று அதிகாரியைக் கேட்பது?

கேமராக்கள் வந்தபின் இந்தக் கேள்வி கூர்மையடைந்துள்ளது. சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரருக்குக் கண் இருக்கிறது. விளக்கு அணைந்திருந்தால், மரம் மறைத்திருந்தால், அவரும் அதைப் பார்க்கிறார். கேமராவுக்கு நிறுத்தக் கோடும் வண்டி எண்ணும் மட்டுமே தெரியும். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட 167ஏ விதி, 132 நகரங்களை இத்தகைய மின்னணுக் கண்காணிப்புக்காகப் பட்டியலிட்டது. கேமராக்களுக்கு ஒப்புதல் சான்று வேண்டும், எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றெல்லாம் அவ்விதி கூறுகிறது. பலகையும் கேமராவும் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தில்லி அதற்கு முன்பே பார்த்துவிட்டது. 2019ல் 24ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நிஜாமுதீன் பாலத்துக்கும் காஜிப்பூருக்கும் இடையே பலகை 70 கிலோமீட்டர் வேகத்தை அனுமதிக்க, கேமரா 60ஐத் தாண்டியவர்களுக்கெல்லாம் அபராத நோட்டீஸ் அனுப்பியது. பலகை வைத்தது ஒரு துறை. கேமரா வைத்தது வேறொரு துறை. இறுதியில் சுமார் 1.5 லட்சம் நோட்டீஸ்களைப் போலீஸார் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வேக வரம்பு என்பதால் எண்ணை ஒப்பிட்டுத் தவறை நிரூபிக்க முடிந்தது. கிளை மறைத்த விளக்கை, கிளை வெட்டப்பட்ட பிறகு, நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது?

கோவையிலிருந்து ஒரு வழக்கு

இவ்விவகாரத்தில் நாடாளுமன்றத்தைவிட வேகமாக நகர்ந்தது உச்ச நீதிமன்றம். நகர்த்தியவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்தில் சிதைந்து வருபவர்களை அறுவை சிகிச்சை மேசையில் பார்த்துப் பழகிய அவர் 2012ல் பொதுநல மனு தாக்கல் செய்தார். 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை நீதிமன்றம் அமைத்தது. 2017 நவம்பர் 30ல் மாவட்டக் குழுக்கள், சாலைப் பாதுகாப்புத் தணிக்கை, சந்திப்புகளில் வேகத்தைக் குறைக்கும் அமைப்புகள் உள்ளிட்ட உத்தரவுகள் வந்தன. அதே வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று, 210டி பிரிவின் கீழும், பாதசாரிகள் பாதுகாப்பு தொடர்பான 138(1ஏ) பிரிவின் கீழும் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டத் திருத்தம் நிறைவேறி ஆறு ஆண்டுகள் ஆன பின், விதி எழுதச் சொல்லவும் ஒரு நீதிமன்ற ஆணை தேவைப்பட்டிருக்கிறது. தேசிய சாலைப் பாதுகாப்பு வாரியத்தின் கதையும் இதுவே. சுந்தர் குழு 2007லேயே இத்தகைய வாரியத்தைப் பரிந்துரைத்தது. 2010ல் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. 2019 திருத்தத்தில் இடம்பெற்றது. 2025 மே மாதத்தில், அதற்குத் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிக்க உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதிக்க வேண்டியதாயிற்று.

தில்லியைப் பொருத்தவரை பழைய சாக்கு ஒன்று குறைந்துவிட்டது. ஆம் ஆத்மி ஆட்சிக் காலத்தில் துணைநிலை ஆளுநருக்கும் முதல்வருக்கும் இடையிலான மோதல் சிவப்பு விளக்கு வரை வந்தது. சிக்னலில் என்ஜினை அணைக்கச் சொல்லும் பிரசாரத்தை 2022ல் தொடங்குவதற்கான கோப்பே ஆளுநர் மாளிகையில் தடைபட்டு, இரு தரப்பும் அறிக்கைப் போர் நடத்தின. 2025 பிப்ரவரியில் தில்லியில் பாரதிய ஜனதா ஆட்சி அமைந்தபோது போலீஸை நிர்வகிக்கும் உள்துறையும், சாலையை நிர்வகிக்கும் பொதுப்பணித் துறையும் ஒரே கட்சியின் கைக்கு வந்தன. சாலையையும் கம்பத்தையும் ஒரே கோப்பில் கொண்டுவர இதைவிட வசதியான சூழல் அமைவது அரிது.

மக்களவையில் சாலைப் பாதுகாப்புக் கேள்விகளுக்குப் போக்குவரத்து அமைச்சகம் தரும் பதில்களில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறும்: அமைச்சகத்தின் முதன்மைப் பொறுப்பு தேசிய நெடுஞ்சாலைகள் மட்டுமே என்பது அது. நகரச் சாலையின் சிக்னல் அதற்குள் வராது. உள்துறைக்கு அது காவல் துறையின் அன்றாட அலுவல். ஒரு கம்பத்தைப் பற்றி எந்த அமைச்சரிடம் கேட்பது என்பதில் உறுப்பினர்களுக்கே தெளிவு இல்லை.

குளிர்காலக் கூட்டத்தொடர் முடியும் டிசம்பர் இறுதியில் தில்லியை மூடுபனி சூழ்கிறது. காலையில் பணிக்குச் செல்வோருக்குச் சந்திப்பின் மறுபுறமுள்ள துணை விளக்கும், உயரத்தில் நீளும் கையில் தொங்கும் விளக்கும் வெண்மைக்குள் கரைந்துவிடுகின்றன. அந்நேரத்தில் இருசக்கர வாகனத்தில் வருபவருக்குத் தெரியக் கூடியது, நிறுத்தக் கோட்டை ஒட்டி, கண் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும் பழைய ஓரக் கம்பத்தின் விளக்கு ஒன்றே. புதிய கேன்டிலீவர் கம்பங்கள் வந்த சந்திப்புகளில் அந்தப் பழைய கம்பத்தைப் பிடுங்குவதா, வைத்திருப்பதா என்பதையும் இதுவரை எந்த விதியும் சொல்லவில்லை.